ஐம்பத்தைந்தா, அறுபதா?



இளைப்பாறுதல் என்னும் சொல்லை நாம் இரண்டு இடங்களில் கேட்கிறோம். ஒன்று, சுமை சுமந்து சோர்ந்தவர்களைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவரின் வாயில். மற்றையது, அரச அலுவலகங்களின் தாபனக் கிளையில். முதலாவது இளைப்பாறுதலுக்கு வயதெல்லை கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. அரச சேவையில் இருப்பவர் 55 வயதை நிறைவு செய்ததும் தாம் விரும்பினால் இளைப்பாறலாம். 60 வயதில் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இளைப்பாற வேண்டும். இடையில் உள்ள இந்த ஐந்து ஆண்டுகளே எமது குடும்பங்கள் பலவற்றில் இரவுச் செபமாலை முடிந்த கையோடு ஆரம்பிக்கும் நீண்ட வாக்குவாதத்துக்குக் காரணமாக இருக்கின்றன.

இதனை எழுதுபவன் குருவானவர் அல்லன். கல்விப் பணிமனையொன்றின் தாபனக் கிளையில் 33 ஆண்டுகள் எழுதுவினைஞனாகக் கடமையாற்றி, ஆசிரியர்களின் சேவைக் கோவைகளைப் புரட்டியே கண்பார்வையை இழந்தவன். அதனால்தானோ என்னவோ, ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முன்றிலில் நிற்கும்போது, நலம் விசாரிக்க வருபவர்களை விட ஓய்வூதியம் விசாரிக்க வருபவர்களே எனக்கு அதிகம்.

2025 ஆம் ஆண்டின் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து சனங்கள் கலைந்த பின்னர் கணவனும் மனைவியுமாக இருவர் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்து நின்றனர். மனைவி மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அந்த ஆண்டு தை மாதத்தில் 55 வயதைக் கடந்தவர். கணவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் பணியாற்றி விலகியவர். வீட்டில் கணவரின் தாயார், 84 வயது, பாரிசவாதத்தால் படுக்கையில். 23 வயதான மகன் ஒருவன், வெளிநாடு செல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

“அண்ணை, ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்” என்று ஆரம்பித்தவர் கணவர். ஆசிரியை பேசவில்லை. அவருடைய கைப்பையில் விருப்ப ஓய்வுக்கான கடிதம் ஏற்கெனவே எழுதப்பட்டுக் கிடந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

கணக்கு என்று வந்துவிட்டால் சேவைக் காலம்தான் முதலில். ஓய்வூதியம் பெறுவதற்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சேவை வேண்டும். அதன் பின்னர், இறுதிச் சம்பளமும் சேவை மாதங்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே தொகையைத் தீர்மானிக்கின்றன. 30 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு உச்ச விகிதம். அதற்குக் குறைந்தால் விகிதமும் குறையும். ஆகவே 24 வயதில் நியமனம் பெற்ற ஒருவர் 54 வயதிலேயே அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். அவர் 60 வரை நீடிப்பதால் கிடைக்கும் மேலதிக நன்மை சம்பள ஏற்றங்களால் வருவது மட்டுமே. ஆனால், 33 வயதில் நியமனம் பெற்றவருக்கோ ஒவ்வோர் ஆண்டும் விகிதத்தையே உயர்த்துகிறது. ஒரே வயதினரான இருவருக்கு ஒரே புத்திமதி பொருந்தாமல் போவது இங்கேதான். பக்கத்து வீட்டு ஆசிரியர் 55 இல் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார் என்பதற்காக நாமும் விடுவது, மற்றவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதற்கு ஒப்பானது.

எமது ஆசிரியை இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். 1997 முதல் 2003 வரை, யுத்தத்தின் நடுவே, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மரநிழலிலும் தகரக் கொட்டிலிலும் தொண்டர் ஆசிரியையாகக் கற்பித்தவர். நிரந்தர நியமனம் 2003 இல்தான் கிடைத்தது. அந்த ஆறு ஆண்டுகள் அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஒரு நாளாகக் கூட இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இத்தகையவர்கள் எத்தனையோ பேர். விண்ணகக் கணக்கில் அந்த ஆண்டுகள் இருக்கும் என்று நான் அவரிடம் கூறவில்லை. அவ்வேளையில் அப்படிக் கூறுவது ஆறுதலாக இராது என்று எனக்குத் தோன்றியது. 55 இல் விட்டால் 22 ஆண்டுச் சேவை, 60 வரை நின்றால் 27 ஆண்டுச் சேவை என்பதை மட்டும் கடதாசியில் எழுதிக் காட்டினேன்.

ரூபாய்க் கணக்கை இங்கே விளங்குவதற்காக முழு எண்களாக மாற்றித் தருகிறேன். கைக்கு வரும் சம்பளம் மாதம் 80,000 ரூபாய்; உடனே இளைப்பாறினால் ஓய்வூதியம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் பணியில் நீடிப்பதால் அவர் உண்மையில் உழைப்பது 80,000 அன்று. வித்தியாசமாகிய 30,000 மட்டுமே. இரண்டு பேருந்துகள் மாறிப் போய் வரும் செலவு 9,000. பகலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு 15,000. எஞ்சுவது 6,000 ரூபாய்.

இதைக் கண்டதும் ஆசிரியை முதன்முறையாக வாய் திறந்தார். “ஆறாயிரத்துக்காகவா அண்ணை நான் விடிய நாலு மணிக்கு எழும்புகிறேன்?”

நியாயமான கேள்வி. பலர் இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்திவிட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், மறுபக்கம் ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளின் பின்னர் ஓய்வூதியம் 60,000 ஆக இருக்கும் என்று கொண்டால், மாதம் 10,000 ரூபாய் வேறுபாடு. அறுபதைக் கடந்த பெண்கள் மேலும் 20 ஆண்டுகள் வாழ்வது எமது நாட்டில் இன்று அதிசயமன்று. ஆண்டுக்கு 1,20,000 வீதம் 20 ஆண்டுகளில் 24 இலட்சம். அது உடலில் வலுவும் கையில் தொழிலும் இருக்கும் காலத்துப் பணமன்று. மருந்துச் சீட்டோடு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டிய காலத்துப் பணம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுவதை நாம் சீடத்துவத்துக்கு மட்டுமே உரியதாக வாசிக்கிறோம். அந்த உவமையில் வரும் மனிதன் உட்கார்ந்தே கணக்கிடுகிறான் என்பது எனக்கு எப்பொழுதும் பிடித்தமான விவரம். நாம் பெரும்பாலும் நின்றுகொண்டே கணக்கிடுகிறோம்.

அடுத்து வந்தது பணிக்கொடை. பேச்சு வழக்கில் ‘கிரஜுவிட்டி’. இளைப்பாறும்போது, குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகை மொத்தமாகக் கைக்குக் கிடைக்கிறது. பலர் இதனை அரசாங்கம் மகிழ்ந்து கொடுக்கும் அன்பளிப்பு என்று எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. எமது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியே முற்பணமாக வருகிறது; அதற்கு ஈடாகப் பத்து ஆண்டுகளுக்குக் குறைந்த ஓய்வூதியம் பெறுகிறோம்; அதன் பின்னரே முழுமையான ஓய்வூதியம் மீளக் கிடைக்கிறது. இடர்கடன் போன்றவை நிலுவையில் இருந்தால் அவையும் இதிலிருந்தே கழிக்கப்படும். 50,000 ரூபாய் ஓய்வூதியக்காரருக்குப் பணிக்கொடை 12 இலட்சம். மகன் வெளிநாடு செல்ல முகவர் கேட்ட தொகைக்கு அது மிக அருகில் இருந்தது. கணவர் கணக்குப் பார்க்க வந்ததன் உண்மையான காரணமும் அதுவே.

இந்தக் கட்டத்தில் நான் கணவரிடம் அவருடைய சொந்தக் கதையைக் கேட்டேன். ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்துவர். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 சதவீதம் செலுத்துவார். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியை மீளப் பெறலாம். மாதாந்தம் வருவதன்று, மொத்தமாக வந்து மொத்தமாகவே போய்விடக்கூடியது. அவர் 55 வயதான அதே மாதத்தில் பெற்றார். அரச வங்கியை விடக் கூடுதல் வட்டி தருவதாகக் கூறிய நிதி நிறுவனமொன்றில் பெரும்பகுதியை இட்டார். நிறுவனம் கதவடைத்தது. ஒரு பகுதி தவணை முறையில் திரும்பி வந்தது. மிஞ்சியதை வங்கியில் வைத்திருந்தபோது 2022 வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு ரூபாயையும் செலவழிக்காமலே அவருடைய சேமிப்பின் பெறுமதி கண் முன்னே கரைந்தது. இந்தக் கதையைத் தம் மனைவியின் முன்னிலையில் அவர் முழுமையாகக் கூறியது அன்றுதான் முதற்தடவை என்று நினைக்கிறேன். ஆசிரியை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தோலிக்கராகிய எமது விவிலியத்தில் சீராக் ஞானநூல் உண்டு. அதன் 33 ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைக் குடும்பச் செபத்தில் எவரும் வாசிக்க நான் கேட்டதில்லை. உயிரோடு இருக்கும் வரையில் மகனோ மனைவியோ சகோதரனோ நண்பனோ உன்மேல் அதிகாரம் செலுத்த இடமளியாதே, உன் சொத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் மனம் வருந்தி அதைக் கேட்டு நிற்காதே, பங்கிடுவதை வாழ்வின் இறுதி நாளுக்கு வைத்துக்கொள் என்ற கருத்தில் அந்த ஞானி பேசுகிறார். கேட்பதற்குக் கடுமையாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்காகவே வாழ்கிறோம் என்று சொல்லிப் பழகிய எமது தாய்மாருக்கு இது சுயநலமாகவும் தோன்றலாம். ஆனால், வயது முதிர்ந்த பெற்றோர் கையேந்தி நிற்கும்போது பிள்ளைகளின் அன்பு எவ்வளவு சோதனைக்குள்ளாகிறது என்பதைக் கண்டே அவர் எழுதியிருக்க வேண்டும். தாபனக் கிளையில் நானும் கண்டிருக்கிறேன். பணிக்கொடை முழுவதையும் மகனின் பயணத்துக்குக் கொடுத்துவிட்டு, பயணம் இடைநடுவில் முறிந்து, பின்னர் ஓய்வூதியத்தின் மீதும் கடன் எடுத்த தந்தையர் ஒருவர் இருவரல்லர்.

திருச்சபையும் இந்த விடயத்தை உலகக் காரியம் என்று ஒதுக்கியதில்லை. 1891 இல் வெளிவந்த ‘ரேரும் நொவாரும்’ திருமடலில் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் சங்கங்கள் நோய்க்கும் முதுமைக்கும் உதவும் நிதியை வைத்திருப்பதை விரும்பினார். 1981 இல் புனித இரண்டாம் ஜோன் போல் மனித உழைப்பைப் பற்றிய தமது திருமடலில் ஓய்வூதியத்தை உழைப்பவரின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணினார். உழைத்தவரின் உரிமை என்பது இங்கே முக்கியமானது. ஆசிரியையின் ஓய்வூதியம் முதலில் ஆசிரியைக்கு உரியது. அவருக்குப் பின் வாழ நேர்ந்தால் கணவருக்குத் தபுதாரர் ஓய்வூதியம் உண்டு. பெண் உத்தியோகத்தர்களுக்கு அந்த ஏற்பாடு 1983 ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்தது. விதவைகளுக்கான ஏற்பாடு 1898 இலேயே வந்துவிட்டது என்பது வேறு கதை.

இப்பொழுது எனது குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை கணக்கும் தெரிந்த நான் 2014 இல், 56 வயதில், ஒரே இரவில் தீர்மானித்து இளைப்பாறினேன். மேலதிகாரி ஒருவர் பலர் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டார். அவர் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்பதை இன்று எழுதிப் பயனில்லை. அன்றிரவே கடிதத்தை எழுதினேன். 33 ஆண்டுச் சேவை இருக்கிறது, உச்ச விகிதம் கிடைக்கிறது, என்ன நட்டம் என்று மனைவியிடம் வீரம் பேசினேன். 2016 தை முதலாம் திகதியிலிருந்து அரச சேவைச் சம்பளங்கள் மறுசீரமைக்கப்பட்டு, 2020 வரை கட்டம் கட்டமாக உயர்ந்தன. எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர், என்னை விடச் சேவையில் இளையவர், 2019 இல் இளைப்பாறினார். அவருடைய ஓய்வூதியத்துக்கும் எனதுக்கும் இடையிலான வித்தியாசத்தை நான் ஒருபோதும் மனைவியிடம் கூறவில்லை. அவரோ அதை அயலவர் மூலம் அறிந்துகொண்டு, ஒருபோதும் என்னிடம் கேட்கவில்லை.

எதிர்காலத்தில் அரசு என்ன செய்யும் என்பதை எவராலும் அறிய முடியாது என்பது உண்மையே. 2021 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் ஓய்வுபெறும் வயது 65 ஆக்கப்பட்டது. அதை நம்பிக் கடன் எடுத்தவர்கள் உண்டு. 2022 இல் அது மீண்டும் 60 ஆக்கப்பட்டு, அறுபதைக் கடந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அவ்வாண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி ஒரே நாளில் வீட்டுக்குச் சென்றனர். எனவே எனது தவறு 2016 ஐ முன்னறியாதது அன்று. கோபத்தில் தீர்மானித்ததே தவறு. புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஆன்மீகப் பயிற்சிகளில், மனம் வரண்டு இருண்டு கிடக்கும் வேளையில் முன்னைய தீர்மானத்தை மாற்றக் கூடாது என்று கற்பிக்கிறார். இந்த விதியை இளைஞனாக இருந்தபோது தியானமொன்றில் கேட்டு, குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருந்தேன். குறிப்பேடு அலுமாரியில் இருந்தது. நான் மேசையில் இருந்தேன்.

முன்கூட்டியே இளைப்பாறுவது எப்போதும் தவறு என்று யாரும் கருதிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு தாதிய உத்தியோகத்தர், 31 ஆண்டுச் சேவையோடு, 56 வயதில் விலகினார். கணவருக்குப் புற்றுநோய். வைத்தியர்கள் ஓர் ஆண்டு என்றார்கள். இறைவன் பதினான்கு மாதங்கள் கொடுத்தார். அந்தப் பதினான்கு மாதங்களும் பிறர் வீட்டு நோயாளிகளைப் பார்த்த கைகள் தமது வீட்டில் இருந்தன. பண நட்டத்தைப் பற்றி அவரிடம் ஒருமுறை மெல்லக் கேட்டேன். “எது நட்டம்?” என்று திருப்பிக் கேட்டார். நான் அதன் பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். இஞ்ஞாசியார் தெரிவு செய்வதற்கு மற்றுமொரு வழியையும் காட்டியிருக்கிறார். முன்பின் அறியாத, ஆனால் நாம் அவருடைய நன்மையை விரும்பும் ஒரு மனிதர் இதே நிலையில் எம்மிடம் வந்தால் என்ன ஆலோசனை கூறுவோம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். இதை ஆசிரியையிடம் கூறி, “ரீச்சர், வேறொரு பாடசாலையில் இருந்து, உங்களைப் போலவே ஓர் ஆசிரியை வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவேயில்லை. “களைப்பா, வேலை வெறுத்துப் போச்சா என்று முதலில் கேட்பேன். களைப்பென்றால் கிட்டடிப் பாடசாலைக்கு மாற்றம் கேள் என்று சொல்வேன்.”

“உங்களுக்கு எது?”

“களைப்பு அண்ணை. பிள்ளைகளை எனக்கு வெறுக்கவில்லை.” இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். கணவர் திகைத்துப் போனார். பத்து ஆண்டுகளாக இரண்டு பேருந்துகள் மாறிச் செல்லும் மனைவி ஒருதடவையேனும் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கவில்லை என்பதும், விண்ணப்பிக்கும்படி தாம் ஒருதடவையேனும் கூறவில்லை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் இளைப்பாறுவதா வேண்டாமா என்றே மாதக்கணக்கில் பேசியிருக்கிறார்கள்.

மாமியாரைப் பற்றிய பேச்சும் வந்தது. படுக்கையில் இருப்பவர் கணவரின் தாயார். வீட்டில் வேலையின்றி இருப்பவரும் கணவரே. இதை நான் சொல்லவில்லை. சொல்லும் தேவை ஏற்படவில்லை. எமது ஊர்களில் ஓர் ஆண் தன் தாயைக் குளிப்பாட்டுவது அபூர்வம் என்பதால், அந்த வழி இருப்பதே பலருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆவணி மடுத் திருவிழா வரை எதுவும் கொடுப்பதில்லை என்று இருவரும் தீர்மானித்தனர். கடிதத்தை விவிலியத்துக்குள் வைத்தார்கள். எந்தப் பக்கத்தில் என்று நான் கேட்டபோது ஆசிரியை சிரித்தார். எண்ணிக்கை நூலின் 8 ஆம் அதிகாரத்தில் லேவியர் 50 வயதில் கடும் பணியிலிருந்து விலகி, அதன் பின்னும் கூடாரத்தில் தம் சகோதரருக்கு உதவியாக நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது, அந்தப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். அவருக்கு அந்தப் பகுதி தெரிந்திருக்கவில்லை. மறைக்கல்வி ஆசிரியையாகவும் இருப்பவர் என்பதால் சற்று வெட்கப்பட்டார்.

மகனிடம் தாயார்தான் பேசினார். பணிக்கொடை கிடையாது, அது வரும்போது வரட்டும் என்றார். மகன் இரண்டு வாரம் வீட்டில் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன், பின்னர் சாப்பிட்டான். இப்பொழுது மின்னிணைப்புத் தொழில் பழகுகிறான். வெளிநாட்டு ஆசை போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

இடமாற்ற விண்ணப்பம் அவ்வாண்டு நடுப்பகுதியில் போனது. பட்டியலில் பெயர் வந்தது. கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை; ஆனால், ஒரு பேருந்து தூரம். உதவிக்கு வந்த பெண் இப்போது வாரத்தில் இரண்டு நாட்களே வருகிறார். சென்ற மாதம் நோயாளருக்கு நற்கருணை கொண்டு சென்ற குருவானவரோடு அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். ஆசிரியை பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார். கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தாயாரின் தலையை ஒரு கையால் தாங்கி, கஞ்சியை ஆற்றி ஆற்றிப் பருக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழ முயன்றார். குருவானவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். கஞ்சி முடியும் வரை நாங்கள் திண்ணையில் காத்திருந்தோம்.